உடைமையும் தன்மதிப்பும்

தமிழில் 'இல்லாதவர்' என்று ஒரு சொல் வழங்குகிறது. அது வறியவரைக் குறிக்கும் சொல். எது இல்லாதவர் என்று அச்சொல் கூறுவதில்லை, கேட்பவரும் வினவுவதில்லை. அறிவு இல்லாதவர், அன்பு இல்லாதவர், நாணம் இல்லாதவர் என்று கூறும்போது இல்லாதது இன்னதென எடுத்துரைக்கிறோம். பொருள் இல்லாதபோது மட்டும் அதன் பெயரையும் கூறாமல், 'இல்லாதவர்' என்ற அளவில் முடித்துவிடுகிறோம். பொருள் இல்லையேல் ஆளும் இல்லை என்று கருதும் உலகத்தின் எண்ணம் இச்சொல்லில் படிந்து கிடக்கிறது.

இதற்கு மறுதலையான சொல் 'உடையவர்' என்பது. திருவரங்கத்தில் இச்சொல்லைக் கூறினால் செல்வர் எவரையும் அது குறிப்பதில்லை, இராமாநுசரையே குறிக்கும். அவரோ இல்லறத்தை விட்டுக் காவியாடையும் முக்கோலும் தாங்கிய துறவி. துறவியை 'உடையவர்' என்று போற்றுகின்ற அதே மக்கள்தாம், வறியவரை 'இல்லாதவர்' என்றும் கூறுகின்றனர். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வினா எழுகின்றது. ஒருவன் தன்னைத்தான் மதிப்பதற்கு அவன் உடைமை எவ்வளவு வேண்டும்?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் எளிதிற் கிடைக்கின்றன. பொருளே மதிப்பைத் தருவது, ஏனையவெல்லாம் வாய்ப்பேச்சு என்பர் ஒரு சாரார். பொருள் ஒரு பொருட்டன்று, மதிப்பெல்லாம் மனத்தின்கண்ணே உள்ளது என்பர் மற்றொரு சாரார். முதல் விடை மனிதனைச் சந்தைச் சரக்காக்குகிறது. இரண்டாம் விடையோ வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குக் கூறும் அறிவுரையாக முடிகிறது. திருவள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தையும் நல்குரவு என்னும் அதிகாரத்தையும் பொருட்பால் ஒன்றிலேயே வைத்தார். மானத்தைப் பற்றிப் பேசுபவர் வறுமையைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பது அவ்வமைப்பினால் விளங்கும்.

உண்மையை அறிவதற்குக் கதைகள் பெரிதும் துணைசெய்யும். ஒரு பொருளின் விலையை வணிகர் கூறுவர். அப்பொருள் ஒருவர் உள்ளத்தில் எத்தகைய இடத்தைப் பெறுகிறது என்பதைக் கதையாசிரியரே காட்டவல்லார். ஆதலின் பழையனவும் புதியனவுமாகிய சில கதைகளை ஈண்டு நோக்குவோம்.

சிலப்பதிகாரக் கதையை மாணவர் நன்கு அறிவர். புகார் நகரத்தினின்று காவிரிக் கரை வழியே நடந்த கோவலனும் கண்ணகியும், கவுந்தியடிகள் துணையுடன் உறையூரை அடைந்து, அங்கிருந்து தெற்கு நோக்கி மதுரைக்குச் சென்றனர். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த எடமலைப்பட்டி புதூர்ப் பகுதியில் வாழ்வோர், மதுரைச் சாலையில் ஊர்திகள் விரைந்து செல்வதை நாள்தோறும் காண்கின்றனர். அதே தென்திசை நோக்கித்தான் அவ்விருவரும் கால்நோவ நடந்தனர். பெருவணிகர் குடியிற் பிறந்த இருவர், ஊர்தியும் ஏவலரும் இன்றி, விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டது எதனால்?

பசியினால் என்று கூறுதல் பொருந்தாது. கோவலன் தந்தை மாசாத்துவானும் கண்ணகியின் தந்தை மாநாய்கனும் அப்போது புகாரில் பெருஞ்செல்வராய் வாழ்ந்துவந்தனர். அவர்கள் வாயிலில் சென்று நின்றால் சோற்றுக்குக் குறைவிராது. கோவலனை ஊரைவிட்டு நடத்தியது நாணம். முன்னோர் ஈட்டிய பொருளைத் தான் தொலைத்துவிட்டதை எண்ணி அவன் மனைவிமுன் நாணுகிறான். அவன் உள்ளத்தில் 'நான்' என்பதும் 'என் செல்வம்' என்பதும் ஒன்றாகவே வளர்ந்திருந்தன. ஒன்று போனவுடன் மற்றொன்றும் சாய்ந்தது. கண்ணகி சிலம்பு உள்ளதென்று கூறியதும், அதனை முதலாகக் கொண்டு இழந்த பொருளை மீட்கலாம் என்று அவன் கருதினான். மீட்க விரும்பியது பொருளைமட்டுமன்று. பொருளோடு போன தன்னையும் மீட்க விரும்பினான்.

மதுரையில் நடந்தது இதனினும் ஆழமான உண்மையைக் காட்டும். வழிநடையால் களைத்த அயலூரான் ஒருவன், ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக் கடைத்தெருவில் நிற்கிறான். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், தன் குற்றத்தை அவன்மேல் ஏற்றுகிறான். பழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது. இதே கோவலன் இதே சிலம்பை இதே நிலையிற் புகார் வீதியில் ஏந்தி நின்றிருந்தால், மாசாத்துவான் மகன் என்று அறிந்த ஊரார் எவரேனும் அவனைக் கள்வன் என்றிருப்பரா? தெரிந்த செல்வன் கையில் அணிகலம் இருந்தால் அது அவன் பெருமைக்குச் சான்று. தெரியாத வறியவன் கையில் இருந்தால் அது அவன் குற்றத்திற்குச் சான்று. பொருளைக் கொண்டு மனிதனை அளக்கும் உலகம் செய்யும் பிழைகளுள் கொடியது இதுவே. உடைமை இல்லாதவனை அது எளியவன் என்பதோடு நில்லாது. நம்பத்தகாதவன் என்றும் முடிவு கட்டிவிடுகிறது.

அச்சிலம்பையே கண்ணகி எவ்வாறு கருதினாள் என்று பாருங்கள். கணவனுக்குக் கொடுக்கும்போது அவள் சிறிதும் தயங்கவில்லை. பின்னர் அச்சிலம்பை அரசவையில் அவள் உடைத்தபோதும் அதன் விலையை எண்ணவில்லை. உள்ளே இருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று மெய்ப்பிக்கவே உடைத்தாள். பொற்கொல்லனுக்குத் தன் களவை மறைக்கும் திரையாகவும், கோவலனுக்கு இழந்த நிலையை மீட்கும் முதலாகவும், கண்ணகிக்கு உண்மையின் சாட்சியாகவும் ஒரு சிலம்பு அமைந்தது. பொருளுக்குத் தனக்கென ஒரு மதிப்பில்லை. பற்றிய உள்ளத்தின் நிறத்தையே அது ஏற்கிறது.

இனி, மேலைநாட்டுக் கதைகள் இரண்டினைச் சுருங்கக் காண்போம். உருசிய நாட்டு எழுத்தாளர் நிக்கொலாய் கோகொல் எழுதிய 'மேலங்கி' என்னும் கதை 1842ஆம் ஆண்டில் வெளிவந்தது. பீட்டர்ஸ்பர்க் நகரத்து அலுவலகத்தில் தாள்களைப் படியெடுக்கும் எளிய எழுத்தர் ஒருவர், மாலைத் தேநீரையும் விளக்கொளியையும் குறைத்துக்கொண்டு, சிறுகச் சிறுகச் சேர்த்துப் புதிய மேலங்கி ஒன்று தைப்பித்துக்கொள்கிறார். பல்லாண்டுகளாக அவரை எள்ளி நகையாடிய அலுவலகத்தார், அன்று அவரைச் சூழ்ந்து வாழ்த்துகின்றனர்; மாலை விருந்துக்கும் அழைக்கின்றனர். அவ்விரவிலேயே வழிப்பறி செய்வோர் அங்கியைப் பறித்துவிடுகின்றனர். முறையிடச் சென்ற இடத்தில் உயர் அலுவலர் ஒருவர் உருட்டி விரட்டுகிறார். எழுத்தர் நோயுற்று மாய்கிறார். உருசியக் குளிருக்கு அங்கி இன்றியமையாதது. அதனை அவர் விரும்பியதில் தவறு ஒன்றுமில்லை. அங்கிக்குக் கொடுத்த வணக்கத்தை அதற்குள் இருந்த மனிதருக்கு ஒருநாளும் கொடுக்காத கூட்டமே தவறுடையது.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் 1884ஆம் ஆண்டில் எழுதிய 'கழுத்தணி' என்னும் கதை இன்னொரு வகையானது. எழுத்தர் ஒருவரின் மனைவி, விருந்தொன்றில் விளங்கித் தோன்றுவதற்காகத் தோழியின் வைரக் கழுத்தணியை இரவல் பெற்று அணிகிறாள். திரும்பும் வழியில் அதைத் தொலைத்துவிடுகிறாள். உண்மையைக் கூற அஞ்சிக் கணவனும் மனைவியும் 36,000 பிராங்கு கொடுத்து வேறொரு வைர அணி வாங்கித் திருப்பித் தருகின்றனர். அக்கடனை அடைக்கப் பத்தாண்டுகள் பாடுபடுகின்றனர். இறுதியில், தொலைந்துபோன அணி போலியானது என்றும் அதன் விலை 500 பிராங்குக்கு மேற்படாது என்றும் தோழி கூறுகிறாள். ஓரிரவு பிறர் கண்ணில் உயர்ந்து தோன்ற விரும்பியதற்குப் பத்தாண்டு இளமை விலையாயிற்று. எனினும் ஒன்று கூறுவேன். அவளிடம் போலியல்லாத மணி ஒன்று இருந்ததென்றால், கடனை ஒளியாமல் ஓடாமல் உழைத்து அடைத்த அவ்வுறுதியே அது.

நம் நாட்டுக்கு மீள்வோம். கோவில்பட்டிக்கு அருகில் இடைசெவல் என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரில் பிறந்து இளமைமுதல் நண்பர்களாய் விளங்கிய இருவர் தமிழ்ச் சிறுகதைக்குப் பெருமை சேர்த்தனர். ஒருவர் கு. அழகிரிசாமி, 1923இல் பிறந்து 1970இல் மறைந்தவர். மற்றவர் கி. ராஜநாராயணன், 2021இல் மறைந்தவர். இருவரும் சாகித்திய அக்காதெமியின் பரிசு பெற்றவர்கள். இருவருடைய சிறந்த கதைகளுள் ஒவ்வொன்றில், ஏழைக் குழந்தைகளே தலைமக்களாக விளங்குகின்றனர்.

கி. ராஜநாராயணனின் கதைக்குப் பெயர் 'கதவு'. ஓர் ஏழை வீட்டில் பழைய கதவு ஒன்று இருக்கிறது. அவ்வீட்டுக் குழந்தைகளும் தெருக் குழந்தைகளும் அதன்மேல் தொற்றிக்கொண்டு ஆட்டி, வண்டியில் ஊர்போவதாகப் பாவித்து விளையாடுகின்றனர். தந்தை பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றிருக்கிறார். தாய் கூலி வேலைக்குப் போகிறாள். நிலத்தீர்வை பாக்கி என்று ஊர் அதிகாரத்தின் ஆட்கள் வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகின்றனர். கதவற்ற வீட்டுக்குள் வாடைக்காற்று புகுகின்றது. கைக்குழந்தை குளிரால் நோயுற்று இறந்துபோகிறது. பின்னொரு நாள், கேட்பாரற்றுக் கிடந்த அக்கதவைக் கண்டுபிடித்த குழந்தைகள், மண்ணும் கறையானும் தட்டி, அதை இறுகப் பற்றிக்கொள்கின்றனர்.

பொருள் ஒரு பொருட்டன்று என்று பேசுவோர் இக்கதையைப் படித்தல் வேண்டும். அக்கதவை விற்றால் பெரும்பணம் கிடைத்துவிடாது. ஆயினும் அஃது இருந்தவரை அவ்வீடு ஒரு வீடு. அங்கே சாத்திக்கொள்ள ஒரு மறைப்பு இருந்தது. குழந்தைகளுக்கு ஓர் ஊர்தி இருந்தது. தெருப் பிள்ளைகளை அழைத்து ஏற்றிச் செல்லும் பெருமை இருந்தது. கதவு போனவுடன் உயிர் ஒன்றும் உடன் போயிற்று. சில உடைமைகள் மானத்துக்கு வேலி போன்றவை. அவற்றைப் பறிப்பவர் மரத்தையும் இரும்பையும்மட்டும் எடுத்துச் செல்வதில்லை.

கு. அழகிரிசாமியின் கதைக்குப் பெயர் 'ராஜா வந்திருக்கிறார்'. செல்வர் வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் இடையே உடைமைப் போட்டி நிகழ்கிறது. எங்கள் வீட்டில் இஃது இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதே போட்டி. இத்தகைய விளையாட்டில் யார் தோற்பர் என்று கூறவேண்டுவதில்லை. தீபாவளிக்கு முன்னாளில், உடம்பெல்லாம் புண்ணும் இடையில் கந்தலுமாய் அனாதைச் சிறுவன் ஒருவன் ஏழை வீட்டின் பக்கம் வருகிறான். அவன் பெயர் ராஜா. அவ்வீட்டுத் தாய் தாயம்மாள் அவனை உள்ளே அழைத்து உணவிடுகிறாள். எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறாள். தீபாவளிக்காக அவ்வீட்டில் எடுத்த துணிகள் மிகச் சில. அவற்றுள் பிள்ளைகளின் தந்தைக்கென வைத்திருந்த புதிய துண்டு, ராஜாவின் இடையை அணிசெய்கிறது. மறுநாள் செல்வர் வீட்டுச் சிறுவன், தன் அக்காளை மணந்த ஜமீன்தாராகிய ராஜா தங்கள் வீட்டுக்கு வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். ஏழைச் சிறுமி மங்கம்மாள் சற்றும் தாழவில்லை. தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகக் கூறி, வந்து பார்க்குமாறு அழைக்கிறாள்.

குழந்தையின் சொல் என்று சிரித்துவிட்டுப் போகத்தக்கதன்று இது. தன் வீட்டில் இருப்பதை எண்ணிக்கொண்டிருந்தவரை மங்கம்மாள் ஒவ்வொரு முறையும் தோற்றாள். வீட்டில் இருந்த ஒரு துணியும் குறைந்த நாளில் அவள் வென்றாள். முன்பு அவள் காட்டியது உடைமை; இப்போது காட்டுவது தன் வீட்டின் அன்பு. உடைமையைக் கொண்டு ஒப்பிட்டால் எவருக்கும் மேலே ஒருவர் இருப்பார். அந்த ஏணிக்கு உச்சிப்படி கிடையாது. கொடுக்க வல்லவன் எனத் தன்னை அறிந்தவனோ எவரையும் நிமிர்ந்து நோக்கலாம். உடையவர் என்ற சொல்லின் பொருளை மங்கம்மாள் தானாகவே கண்டுகொண்டாள்.

இக்கதைகளை ஒருங்கு வைத்து எண்ணும்போது என் கருத்து இது. உடைமை மானத்தைக் காக்கும் கருவியாகலாம். மானத்தை அளக்கும் கோலாகல் ஆகாது. கதவு காத்தது. கழுத்தணி அளந்தது. காப்பது உடையவன் வாழ்வுக்குப் பயன்படும். அளப்பது பிறர் கண்ணுக்குப் பயன்படும். காக்கும் உடைமைகள் எல்லாருக்கும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடமை. அளக்கும் உடைமைகளுக்கு அடிமையாகாதிருப்பது ஒவ்வொருவரின் கடமை. இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைமட்டும் போதித்தல் பாதி அறமே ஆகும்.

'வறுமையிலும் தாயம்மாள் கொடுத்தாளே! ஆதலின் வறுமை தாழ்வன்று' என்று சிலர் வாதிடக்கூடும். கொடுத்தது தாயம்மாளின் நெஞ்சம், வறுமை கொடுக்கவில்லை. வறுமை கொடுப்பது எது என்பதைக் கதவு இல்லாத வீட்டில் கண்டோம். வறியவரைப் போற்றுதல் வேறு. வறுமையைப் போற்றுதல் வேறு. காமராசர் ஆட்சிக் காலத்தில் 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் விரிந்தது. இன்று அரசுப் பள்ளிகளில் சீருடையும் பாடநூலும் காலணியும் விலையின்றி வழங்கப்படுகின்றன. மேல்நிலை வகுப்பினருக்கு மிதிவண்டியும் தரப்படுகிறது. இவற்றைப் பிச்சை என்று எண்ணுவாரும், வாங்குவதற்கு நாணுவாரும் உளர். வீட்டுக்குக் கதவு எத்தகையதோ, கல்விக்கு இவை அத்தகையன. மக்கள் அனைவரும் சேர்ந்து தம் பிள்ளைகளின் மானத்துக்கு இட்ட வேலி இது. பெறுவதில் நாணம் வேண்டுவதில்லை.

சீருடை வந்தபின் வேறுபாடு முற்றும் ஒழிந்ததா? ஒழியவில்லை. சட்டையினின்று விலகிய கண்கள் கைக்கடிகாரத்தின்மேலும், காலணியின்மேலும், கைப்பேசியின்மேலும் சென்று தங்கின. பிறந்தநாளன்று மட்டும் சீருடைக்குப் பதிலாக வண்ண ஆடை அணிந்து வரலாம் என்னும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. நல்லெண்ணத்தால் ஏற்பட்ட வழக்கமே அது. ஆனால் அணிவதற்குப் புத்தாடை இல்லாமையால், தமக்குப் பிறந்தநாள் என்பதையே ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்த மாணவர் சிலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கிறேன். ஒரு சட்டை இல்லாமைக்காகத் தான் பிறந்த நாளையே ஒரு பிள்ளை ஒளித்துக்கொள்ளுமானால், 'இல்லாதவர்' என்ற சொல்லின் கொடுமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். அன்று அவ்வகுப்பில் இனிப்பு வழங்கி மகிழ்ந்த ஏனைய பிள்ளைகள் தீயவரல்லர். அருகில் இருந்த உள்ளத்தை அவர்கள் நோக்கவில்லை, அவ்வளவே.

எடமலைப்பட்டி புதூர்த் தெருக்களில் மாடிவீடும் ஓட்டுவீடும் அடுத்தடுத்து நிற்கின்றன. நகரத்து ஏனைய தெருக்களும் அத்தகையனவே. ஓட்டுவீட்டுப் பிள்ளை தன் நண்பனை வீட்டுக்கு அழைக்கத் தயங்குகிறான். மாடிவீட்டார் அடுத்த தெருவிலுள்ள இன்னும் உயர்ந்த மாடியைக் கண்டு ஏங்குகின்றனர். திருமணத்துக்கு இரவல் நகை பூணுவோரும், தவணைக் கடனில் வாங்கிய பொருளுக்காக உறக்கம் இழப்போரும் நம்மிடையே பலர். மாப்பசான் கண்ட கழுத்தணி பாரிசு நகரத்தோடு நின்றுவிடவில்லை. பொருள்களை விற்பதற்காகச் செய்யப்படும் விளம்பரங்களோ, பொருளின் பயனைக் கூறுவதைவிட, அஃது இல்லாதவர் தாழ்ந்தவர் என்று உணர்த்துவதிலேயே பெரிதும் முயல்கின்றன.

மாணவர்களே! நல்ல ஆடையையும் நல்ல பொருளையும் விரும்புதல் குற்றமன்று. விரும்பும்போது உங்களை நீங்களே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் எவரும் காணாவிடினும் இப்பொருள் எனக்கு வேண்டுமா? இதனால் என் வேலையோ கல்வியோ சிறக்குமா? இது நாளை தொலைந்துபோனால் நான் குறைந்துவிடுவேனா? இவ்வினாக்களுக்கு அஞ்சாமல் விடையளிக்கக்கூடுமானால் அப்பொருளை வாங்கி மகிழலாம். அப்போது நீங்கள் அதனை உடையவர். விடையளிக்க இயலாதாயின் அதுவே உங்களை உடையதாகிவிடும். உங்கள் வீடு சிறியதாயின் நண்பனைத் தயங்காது அழையுங்கள். மங்கம்மாளைப் போல், வந்து பார் என்று கூறுங்கள். உங்கள் வீடு பெரியதாயின், வகுப்பில் தன் பிறந்தநாளை மறைப்பவர் எவரேனும் உண்டோ என்று உன்னிப்பாக நோக்குங்கள். அவரை நாடிச் சென்று தோழமை கொள்ளுங்கள்.

இனி எவரையேனும் 'இல்லாதவர்' என்று கூற நேரும்போது, எது இல்லாதவர் என்று வாக்கியத்தை நிரப்பிக் கூறுங்கள். 'பணம் இல்லாதவர்' என்று கூறினால், அவருக்கு வேறு பல உண்டு என்பது அச்சொல்லிலேயே விளங்கிவிடும். அவ்வாறு கூறப் பழகிய நாவுக்குரியவர், காலப்போக்கில் அவ்வாறே காணவும் பழகுவர்.